அண்ணாச்சிக்குச் சக்கர்

இடது காலைப் பெடலில் வைத்தாயிற்று. இரண்டு கையும் ஹேண்டில்பாரைப் பிடித்தாயிற்று. வலது காலைத் தூக்கிப் போட வேண்டியதுதான் பாக்கி. இசக்கிமுத்து அண்ணாச்சியின் அந்த ஒரு கால் மட்டும் தாராவியை விட்டு எழும்பமாட்டேன் என்றது.

“ஏறப் போறியளா, இல்ல இங்கனயே நின்னு இட்லி விக்கப் போறியளா?” என்று வாசலிலிருந்து கேட்டாள் அவர் மனைவி தங்கத்தாய்.

“ஏறுதேன், ஏறுதேன். அவசரப்படுத்தாதட்டி.”

“நான் எங்க அவசரப்படுத்துதேன்? இட்லி ஆறுது.”

அண்ணாச்சி பெடலிலிருந்து காலை எடுத்தார். குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தார். “காத்து கம்மியா இருக்கு” என்று சொல்லிவிட்டு, பின்னால் இட்லி டப்பாவும் முன்னால் சாம்பார் கேனும் தொங்க, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். மழை ஆரம்பித்த நாளிலிருந்து அந்த டயரில் ஒரு நாளும் காற்று சரியாக இருந்ததில்லை என்பது தங்கத்தாய்க்குத் தெரியும்.

முதல் மழையன்றுதான் அண்ணாச்சி விழுந்தார். சும்மா விழவில்லை. தண்ணீர் நிரம்பிய பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியது, அவர் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்தார், அவர் மேலே இட்லி, இட்லி மேலே சாம்பார். தொண்ணூறடி ரோட்டில் போனவன் வந்தவன் எல்லாம் நின்று பார்த்தான். சைக்கிள் கடை ஜஹாங்கீர்தான் ஓடி வந்து தூக்கினான். கடையநல்லூர்க்காரப் பிள்ளை, ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் மும்பை. தமிழ் பேசுவான், பாதி வழியில் ஹிந்திக்குள் இறங்கிவிடுவான். அண்ணாச்சியை ஒரு தோளிலும் சைக்கிளை இன்னொரு கையிலுமாக இழுத்துவந்து வீட்டில் சேர்த்தவன், “சக்கர் அக்கா, சக்கர்! உடனே காட்டணும். இப்படியே விட்டா மறுபடி விழுவாரு” என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டுப் போனான். அந்த வாரமே ரோடு அகலம் பண்ண அவன் கடையை இடித்தார்கள். அவன் கோவண்டிக்குப் போய்விட்டான்.

சக்கர் என்றால் மும்பையில் கைக்குழந்தைக்கும் தெரியும். தலைசுற்றல். அண்ணாச்சிக்கு அதுவரை தலை சுற்றியதாக நினைவில்லை. ஆனால் விழுந்தவனுக்கு எப்படித் தெரியும், பார்த்தவன் அல்லவா சொல்கிறான்? யோசிக்க யோசிக்க, விழும்போது கொஞ்சம் சுற்றிய மாதிரிதான் இருந்தது. அப்புறம் சைக்கிளைப் பார்த்தாலே சுற்ற ஆரம்பித்தது.

ஒருகாலத்தில் ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்து, மறு கையால் பாம் பாம் ஹாரனை அமுக்கிக்கொண்டே சயான் மேம்பாலத்துச் சரிவில் இறங்கிய மனிதர் அவர். மாதுங்காவில் அவர் ஹாரனைக் கேட்டுத்தான் பல வீடுகளில் பல்லே விளக்குவார்கள். அந்த லைன் அவர் கால் மிதித்துப் போட்ட லைன். இப்போது அதற்கே ஆபத்து வந்துவிட்டது. தங்கத்தாயின் தம்பி இசக்கிராஜ் ஒரு நாள் டீயைக் குடித்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தான்.

“அத்தான், கோவிச்சுக்கிடாதீய. கணபதி பண்டிக வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள ஏறி ஓட்டிட்டியன்னா சரி. இல்லன்னா நான் பேக் கம்பெனி வேலைய விட்டுட்டு லைனைப் பாத்துக்கிடுதேன். நீங்க வீட்டுல உக்காந்து மாவு ஆட்டுங்க.”

“மாவு மெசின்லா ஆட்டுது. நான் எதை ஆட்ட?”

“மெசின் பக்கத்துல உக்காந்துக்கிடுங்க.”

நல்ல பையன்தான். நல்ல மனசோடுதான் சொன்னான். அதனால் அண்ணாச்சிக்கு இன்னும் வலித்தது. மெசினுக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டார்களே என்று அன்று முழுக்க முனகிக்கொண்டே இருந்தார்.

மாதுங்காவில் முதல் வீடு வெங்கடராமன் சாருடையது. ரயில்வேயில் பெரிய ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். தரைத்தள ஜன்னலில் தூக்குவாளியோடு காத்திருப்பார்.

“என்னய்யா இது, இட்லி ஜில்லுனு இருக்கு! ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்துண்டு வரயா?”

“பஞ்சர் சார்.”

“நேத்திக்கும் பஞ்சர், முந்தாநேத்திக்கும் பஞ்சர். உன் டயர்ல காத்து இருந்த நாளே கிடையாதா?”

அண்ணாச்சிக்குப் பொய் சொல்லி அலுத்துவிட்டது. விஷயத்தைச் சொன்னார். வெங்கடராமன் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். ஓய்வு பெற்றபின் அவரிடம் யாரும் எதற்கும் யோசனை கேட்டதில்லை.

“சக்கரா! அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? நேக்கும் வந்துதே! டாக்டர்கிட்டயெல்லாம் போகாதே. கழுத்துப் பயிற்சி. இப்படித் திருப்பு. வேகமா. இன்னும் வேகமா!”

அண்ணாச்சி அங்கேயே, ரோட்டில் நின்று, கழுத்தைத் திருப்பினார். மூன்றாவது திருப்பலில் கழுத்துக்குள் என்னமோ ‘மளுக்’ என்றது. முகம் வலப்பக்கம் பார்த்தபடி நின்றுவிட்டது. திரும்பமாட்டேன் என்றது.

“சரியாப் போச்சா?” என்றார் வெங்கடராமன்.

“சரியாப் போச்சு சார்” என்று பக்கத்துக் கட்டடத்தைப் பார்த்தபடி சொன்னார் அண்ணாச்சி.

அன்றைக்கு அவர் வீடு வந்து சேர்ந்த கோலத்தைப் பார்த்துத் தங்கத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். “சக்கருக்கு வைத்தியம் பாக்கப் போயி கழுத்தையும் தொலச்சிட்டு வந்தாச்சு” என்று திட்டிக்கொண்டே டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் மராத்திக்காரர், தாராவியில் பல வருஷம் இருந்ததால் ஓரளவு தமிழ் வரும். கழுத்துக்கு ஒரு களிம்பைக் கொடுத்துவிட்டு, சக்கரை விசாரித்தார்.

“எப்ப வருது?”

“சைக்கிள் பக்கத்துல போனா வருது டாக்டர். ஹேண்டிலப் பிடிச்சா, உலகமே ஒரு பக்கமா இழுக்கு.”

“எந்தப் பக்கம்?”

“வலப்பக்கம்.”

“கை நடுக்கம்?”

“இருக்கே! தள்ளிக்கிட்டுப் போம்போதுகூட ரெண்டு கையும் கிடுகிடுன்னு ஆடுது.”

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “காதுல சத்தம் ஏதாவது?”

“ஐயோ, எப்படி டாக்டர் கண்டுபிடிச்சிய! சர்க்... சர்க்...னு ஒரு சத்தம். வலது காதுல மட்டும்.”

“எப்பவுமா?”

“இல்ல. நடந்தா வருது. நின்னா நின்னு போவுது. வேகமா நடந்தா அதுவும் வேகமா வருது.”

“நடந்தா ரத்த ஓட்டம் ஏறும். அதான்” என்றார் டாக்டர். புத்தகத்தில் படித்ததெல்லாம் ஒரே ஆளிடம் வரிசையாக வந்து நிற்பதை அவர் அதுவரை பார்த்ததில்லை. “காது. வலது காதுதான். உடம்போட பேலன்ஸ் அங்கதான் இருக்கு. சொட்டு மருந்து விட்டு, பஞ்சு வச்சு அடைச்சுக்கோ. பஞ்சை எடுக்கவே கூடாது.”

சும்மா சொல்லக் கூடாது, பஞ்சு வேலை செய்தது. மறுநாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகையில் அந்தச் சர்க் சர்க் பாதியாகக் குறைந்திருந்தது. அண்ணாச்சி போனில் கூப்பிட்டுச் சொன்னதும் தங்கத்தாய் சாமி படத்துக்கு ஒரு தேங்காய் உடைத்தாள்.

தேங்காய் உடைத்ததுதான் மிச்சம். வலது காது அடைத்துக் கிடந்ததால் வலப்பக்கத்துக் கட்டடங்களில் யார் கூப்பிட்டாலும் அண்ணாச்சிக்குக் கேட்கவில்லை. அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார். வெங்கடராமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தூக்குவாளியோடு ஒரு தெரு முழுக்கத் துரத்தி வந்து பிடித்தார்.

“ஏன்யா, தொண்டை கிழியக் கத்தறேன், ராஜா மாதிரி போயிண்டே இருக்கே?”

“என்ன சார்?”

“இட்லிய்யா, இட்லி!”

“காது சார், காது!”

அந்த வாரத்தில் வலப்பக்க வீடுகள் பாதி வேறு இட்லிக்காரனுக்கு மாறிவிட்டன. இடப்பக்க வீடுகளில் பாதி, இட்லி ஆறிப்போகிறதென்று ஏற்கனவே மாறியிருந்தன. டப்பாவில் பாதி இட்லி அப்படியே வீடு திரும்பியது. தங்கத்தாய் அதை உதிர்த்து உப்புமா தாளித்தாள்.

இதற்கிடையில் அடுத்த வீட்டுப் பேராச்சி வந்து சேர்ந்தாள். ஊரிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஹிந்தி என்றால் ‘பானி’ மட்டும் தெரியும். குழாயடியில் தங்கத்தாய் ‘அவுகளுக்குச் சக்கர்’ என்று சொன்னதைப் பாதியில் கேட்டுவிட்டு, நேராக அண்ணாச்சியிடமே வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, ஒங்களுக்குச் சக்கரையாமே! எங்க ஐயாவும் அதுலதான் போனாக.”

“சக்கரை இல்ல தாயி, சக்கர்.”

“அதைத்தான் நானும் சொல்லுதேன். சக்கரை.”

“ஏளா, அது வேற, இது வேற” என்றாள் தங்கத்தாய்.

“என்ன வேற? சக்கரை இருந்தா தலை சுத்தாதா? கை நடுங்காதா? கீழ விழமாட்டாகளா?”

தங்கத்தாய் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். எல்லாம் பொருந்தித்தானே இருக்கிறது! அன்று சாயங்காலமே வீட்டுச் சீனி டப்பா பேராச்சி வீட்டுக்குப் போனது. காலையில் பாகற்காய்ச் சாறு, மத்தியானம் வெந்தயத் தண்ணீர், ராத்திரி ஒரு சப்பாத்தி. இட்லி கூடவே கூடாது.

“நான் இட்லிக்காரன்ட்டி!” என்று கெஞ்சினார் அண்ணாச்சி.

“வித்துக்கிடுங்க. திங்காதிய.”

இட்லியை ஊருக்கெல்லாம் எடுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, தான் பாகற்காய் ஏப்பம் விட்டுக்கொண்டு நடந்தார் மனிதர். பட்டினி அதன் வேலையைக் காட்டியது. அதுவரை கேள்விப்பட்டதோடு சரி, இப்போது நிஜமாகவே தலை சுற்றியது. ஒரு நாள் சயான் ஸ்டேஷன் பக்கம் சைக்கிளைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். ரத்தப் பரிசோதனை செய்தார்கள். சர்க்கரை இருக்க வேண்டியதைவிட ரொம்பக் குறைவாக இருந்தது.

“பாத்தியளா!” என்றாள் தங்கத்தாய். “பாவக்கா எப்படி வேல செய்யுது!”

கணபதிப் பந்தலுக்கு மூங்கில் வந்து இறங்கிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அண்ணாச்சி எழுந்து முகம் கழுவினார். “இன்னைக்கு ஏறுதேன். இல்லன்னா விட்டுருதேன்” என்றார். தங்கத்தாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

டப்பா, கேன் ஒன்றும் இல்லாத வெறும் சைக்கிளோடு இரண்டு பேரும் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனார்கள். ஒரு மூலையில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். தங்கத்தாய் கேரியரைப் பிடித்துக்கொண்டாள்.

“விட்டுராதட்டி.”

“விடமாட்டேன். ஏறுங்க.”

“நெசமா விட்டுராத.”

“ஒங்களக் கட்டின நாள்லேர்ந்து எங்க விட்டேன்? ஏறித் தொலைங்க!”

ஏறிவிட்டார். கால் தரையை விட்டது, பெடல் சுற்றியது, காற்று முகத்தில் பட்டது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவருக்கு உயிர் திரும்ப வந்தது. வாயால் ‘பாம் பாம்’ என்று சத்தம்கூடக் கொடுத்துவிட்டார். அப்புறம் ஹேண்டில் ஆடியது, கை ஆடியது, மைதானமே வலப்பக்கம் சாய்ந்து இழுத்தது.

“தங்கம்! ஆடுது! எல்லாம் ஆடுது!”

“தல சுத்துனா கண்ண மூடிக்கிடணும்! மூடுங்க!” என்று பின்னாலிருந்து கத்தினாள் அவள்.

கட்டின மனைவி சொன்னால் அதில் ஒரு நியாயம் இருக்கும் என்று அண்ணாச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டார். தங்கத்தாய் கையிலிருந்து கேரியர் நழுவியது. வண்டி நேராகக் கிரிக்கெட்டுக்குள் போனது. மூன்று ஸ்டம்பும் பறந்தன. அவற்றின் மேல் அண்ணாச்சி விழுந்தார்.

“அவுட்!” என்று துள்ளினான் பந்து போட்டவன்.

“எப்படி அவுட்? பந்து படவே இல்ல, அங்கிள்தான் பட்டாரு!” என்றான் பேட் பிடித்தவன்.

இரண்டு கட்சியும் நடுப் பிட்சில் நின்று சண்டை போட்டன. கீழே கிடந்தவரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் ‘நாட் அவுட்’ என்று முடிவு செய்து, அங்கிள் கொஞ்சம் நகர்ந்துகொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள்.

அண்ணாச்சி நகர்ந்து உட்கார்ந்தார். முழங்கை தோல் உரிந்திருந்தது. தங்கத்தாய் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். முதலில் தன் சைக்கிளை எடுத்து நிறுத்திப் பார்த்தார், ஒரு கீறல்கூட இல்லை என்றார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டார்.

“எனக்கு இனிமே வராதுட்டி. பயமா இருக்கு. கொடுத்துருவோம் அவன்கிட்ட.”

அவளும் அழுதாள். அவரைப் பார்த்தா, கையை விட்டுவிட்டோமே என்றா, அவளுக்கே தெரியவில்லை. சரி என்று தலையை ஆட்டினாள்.

மறுநாள் காலையில் இசக்கிராஜ் குளித்து, நெற்றி நிறைய திருநீறு பூசிக்கொண்டு வந்து நின்றான். தங்கத்தாய் டப்பாவை ஏற்றினாள். அண்ணாச்சி சாம்பார் கேனைத் தன் கையாலேயே மாட்டினார். ஹாரனை ஒரு தடவை துடைத்தார். துடைத்த இடத்தையே இன்னொரு தடவை துடைத்தார். பேராச்சி அவள் வாசலில் நின்றபடியே மூக்கை உறிஞ்சினாள்.

“மாதுங்காவுல முதல் வீடு வெங்கடராமன் சார். சூடா கேப்பாரு” என்றார் அண்ணாச்சி.

அந்த நேரம் பார்த்துச் சந்தின் அந்தக் கோடியிலிருந்து ஜஹாங்கீர் வந்தான். மாமனார் வீட்டுக்கு வந்தவனாம், அண்ணாச்சி இட்லி ஞாபகம் வந்து நேரே இங்கே வந்துவிட்டான். இலைத் துண்டில் இட்லியை வாங்கிச் சட்னியைத் தொட்டு வாயில் போட்டான்.

“அண்ணாச்சி, சட்னில கார் ஜாஸ்தி!”

“காரா?”

“கார், கார்! மிர்ச்சி!” என்று நாக்கை நீட்டிக் காட்டினான். அண்ணாச்சி சிரிக்கும் நிலைமையில் இல்லை. அவர் கண் சைக்கிள் மேலேயே இருந்தது.

இசக்கிராஜ் ஸ்டைலாக ஒரு காலை ஊன்றி, மறு காலைத் தூக்கிப் போட்டு ஏறினான். “வாரேன் அத்தான்!” என்று ஒரு கையை வேறு ஆட்டினான். வண்டி பேராச்சி வீட்டைத் தாண்டியது. பிறகு ஆடியது. வலப்பக்கம் இழுத்தது. சந்து முழுக்க இட்லி உருண்டது. இசக்கிராஜ் சாக்கடை ஓரத்தில் சாம்பாரோடு கிடந்தான்.

அண்ணாச்சிக்குப் பதறியது உண்மைதான். ஆனால் மனசின் ஒரு மூலையில் கொஞ்சம் சந்தோஷமாக இருந்ததும் உண்மைதான்.

“என்னன்னு தெரியல அக்கா” என்று முனகினான் இசக்கிராஜ். “ஏறின ஒடனே எல்லாம் ஆடுச்சு!”

“ஐயோ, இவனுக்கும் சக்கரா!” என்று தங்கத்தாய் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

“அப்ப இது ஒட்டுவாரொட்டி!” என்று பேராச்சி இரண்டடி பின்னால் போய்க் கதவைப் பாதி சாத்தினாள்.

தங்கத்தாய் ஒரு நிமிஷம்கூட வீணாக்கவில்லை. புருஷன் காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கித் தம்பியின் வலது காதில் திணித்தாள். “கண்ண மூடுல! யாராவது பாவக்கா வாங்கிட்டு வாங்க!” என்று சந்தே அதிரக் கத்தினாள்.

இத்தனை கூத்துக்கும் நடுவில் ஜஹாங்கீர், மிச்ச இட்லியை வாயில் போட்டுக்கொண்டு, விழுந்து கிடந்த சைக்கிளின் ஹேண்டிலைத் தூக்கிப் பிடித்து, முன் டயரைக் கையால் ஒரு சுற்று சுற்றினான். அது சர்க், சர்க் என்று பிரேக் கட்டையில் உரசிக்கொண்டு கோணலாகச் சுற்றியது.

“அன்னைக்கே சொன்னேனே அக்கா, சக்கர் சரியில்ல, கடையில காட்டுங்கன்னு! முன் சக்கர்தான் கோணல், பின் சக்கர் நல்லாத்தான் இருக்கு!”